சாரலுக்குப் பிறகு நட்ட ஸ்ட்ராபெர்ரி

இன்று காலை மாடியில் திருநீற்றுப்பச்சிலைக் கொழுந்தைக் கிள்ளினேன். விரலெல்லாம் அந்த வாசனை. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, தோழி: நம் ஸ்ட்ராபெர்ரி காய்த்துவிட்டது.

முதல் தடவை, குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரத்தில், உங்கள் வீட்டு மாடியில் மண் நிரப்பிய பைகளில் நட்டோம். சாரலில் குச்சியை ஊன்றினாலே துளிர்க்கும் ஊர் நம் இலத்தூர். இங்கே எல்லோரும் அப்படித்தான் நடுவார்கள். ஸ்ட்ராபெர்ரிக்கு அது ஆகவில்லை. நடுக்குருத்து அழுகி, தொட்ட இலை கையோடு வந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஊட்டி இலத்தூருக்கு வந்து சேந்துட்டா?"

"வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி, செங்கோட்டையில ரயில் லேட்டு" என்றாய் நீ.

அடுத்த முறை ஐப்பசி மழை ஓயும்வரை காத்திருந்தாய். செடிகளுக்கு நடுவே திருநீற்றுப்பச்சிலையும் பூண்டும் வைத்தாய். வாசனைக்குப் பூச்சி அண்டாது, பச்சிலைப் பூவுக்குத் தேனீ வரும் என்றாய். நான் அதே பையில் புதினாவை ஊன்றப் போனபோது கையைத் தட்டிவிட்டாய். "ஏட்டி, அத உள்ள விட்டா வீட்டையே எழுதி வாங்கிரும். தனித் தொட்டியில வையி."

அந்தச் செடிகள் பூப்பதற்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

"அதுகளப் பாத்தாலே வயிறு எரியுது. பிடுங்கிப் போட்டுரு" என்றார் உன் அம்மா. அடுத்த தை வரைக்கும் பொறுங்கம்மா, காய்க்காவிட்டால் நானே பிடுங்குகிறேன் என்று கெஞ்சி, பைகளை எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தேன். கோடையில் நிழல்வலை, சீசனில் சாரல் படாத மூலை. மார்கழிப் பனியில் பூத்தன. பச்சிலைக்கு வந்த தேனீ பக்கத்துப் பூவுக்கு நகர்ந்ததை மூச்சுவிடாமல் பார்த்தேன்.

இன்று ஒரு கிண்ணம் பழம். நெல்லிக்காய் அளவுதான், ஆனால் என்ன சிவப்பு! அண்ணாச்சி ஒன்றை வாயில் போட்டார். உடனே இன்னொன்றுக்குக் கை நீட்டினார். இந்த ஊரில் எதுவும் ஆகாது என்று யாராவது சொன்னால், எந்த மாதம் நட்டீர்கள் என்று இப்போது உன்னைப் போலவே கேட்கிறேன்.

உன் அம்மா ஒரு பழத்தை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கடித்தார்.

"புளிக்குதே" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். "அந்தப் பைகள எப்ப இங்கன கொண்டாருவ?"

இடுப்பில் ஒவ்வொன்றாகச் சுமந்து உங்கள் வீட்டுப் படியேறினேன். நீ போனதிலிருந்து மாடிப்பக்கமே வராத உன் அம்மா எனக்கு முன்பே மேலே நின்று, எந்தப் பை எங்கே என்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.