மூன்று என்றுதான் எழுதினேன்

வாலுத்தனம் குறையாமல் இருக்க வேண்டிய என் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. அம்மா நலம். முழங்கால் வலியும் என்னோடு போடும் சண்டையும் வழக்கம்போல நடக்கின்றன. இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் உனக்கு முன்னால் மாப்பிள்ளை பிரித்துவிடுவார். போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் உனக்கும் நடுவில் அவர் எப்போது வந்து உட்கார்ந்தார் என்றே தெரியவில்லை.

நீ அனுப்பிய பெட்டி உடையாமல் வந்தது. உன் கருப்பை வாயிலிருந்து எடுத்த அரிசி அளவு சதை, அதைப் புதைத்து வைத்த மெழுகுக் கட்டி, அதிலிருந்து சீவிய ஸ்லைடுகள். அந்த ஊர் லேபில் மூன்றாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். நீயோ துண்டுச் சீட்டில், அக்கா நீ பாத்து ஒண்ணுன்னு சொல்லிடுக்கா, அப்பதான் இங்க மாமியார் வீட்டு வாயை அடைக்க முடியும் என்று எழுதியிருக்கிறாய். அடி பைத்தியமே, கடையில் ரவிக்கைத் துணியா எடுக்கிறோம், நிறம் மாற்றிக் கேட்க?

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அந்த இடத்துத் தோல் பல அடுக்கு. கெட்டுப்போன செல்கள் அடியில் மட்டும் இருந்தால் ஒன்று; அது பெரும்பாலும் தானாகவே போய்விடும். நடு அடுக்குவரை ஏறினால் இரண்டு. அடியிலிருந்து நுனிவரை பரவியிருந்தால் மூன்று. மூன்று புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டுவைக்கக் கூடியதும் இல்லை.

உன் பெயரை மறைத்து, வயதையும் இன்னும் பிள்ளையில்லை என்பதையும் மட்டும் விட்டு, ஒரு எண்ணை ஒட்டி, எங்கள் லேப் பெரிய டாக்டரோடு ஒரே மைக்ரோஸ்கோப்பில் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நடுநிலையார். ஒருவர் ஒன்று என்பார், இன்னொருவர் மூன்று என்பார். இவர் இரண்டு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். யாருக்கும் மனக்கசப்பு வராது, அந்தப் பெண்ணைத் தவிர. போன வருடம் அப்படி இரண்டு வாங்கிக்கொண்டு போனவள் ஒருத்தி, ரெண்டுதானே என்று சும்மா இருந்துவிட்டாள். மறுபடி அவள் சதை என் மேஜைக்கு வந்தபோது எந்த எண்ணும் போடத் தேவைப்படவில்லை, புற்று என்றே எழுதினேன்.

உன் ஸ்லைடைப் பார்த்துவிட்டும் அதையேதான் சொன்னார். சின்னப் பொண்ணும்மா, இனிமேதான் புள்ள பெக்கணும், ரெண்டுன்னு போட்டுவிடுங்க என்றார். கூடவே, துண்டு மெழுகில் சாய்ந்து கிடக்கு, குறுக்கே வெட்டினா அடி அடுக்கே மேல வரைக்கும் இருக்கிற மாதிரி காட்டும் என்றார். அது உண்மைதான், அப்படி நடக்கும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த மனுஷரைக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

மெழுகை உருக்கி, அந்தத் துணுக்கை நானே இடுக்கியால் நிமிர்த்தி வைத்தேன். வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணை வைக்கக் குனிந்தேன். சாய்வாக இருக்கட்டும், வெறும் சாய்வாக இருந்து தொலையட்டும் என்று சின்னப் பிள்ளைபோல முணுமுணுத்தேன். நிமிர்த்திப் பார்த்தாலும் மூன்றுதான். அடியிலிருந்து நுனிவரை, ஒரு இடம் விடாமல். சிறப்புச் சாயமும் போட்டுப் பார்த்தேன். நடுநிலையாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டீயை வைத்துவிட்டு மூன்றுக்கே கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே உன் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். உனக்குத் தெரியாது. அக்கா, ஒண்ணுன்னு எழுதிடுங்க, உங்க கையிலதானே இருக்கு, இது எப்படி வந்துச்சுன்னு எங்க வீட்ல கேக்கறாங்க, நான் என்ன பதில் சொல்றது என்றார். அவர் பெண்டாட்டிக்கு வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைக் கொண்டுவரும் கிருமி ஆணிடமிருந்து பெண்ணுக்கும் போகும், பெண்ணிடமிருந்து ஆணுக்கும் போகும், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும், யாரிடமிருந்து யாருக்கு என்று எந்த மைக்ரோஸ்கோப்பும் சொல்லாது என்று சொன்னேன். அதற்கு, எங்க பக்கம் அப்படியெல்லாம் கிடையாதுக்கா என்றார். உன் முகத்துக்காக மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன். இன்னும் செரிக்கவில்லை.

வெட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதற்கு இதோடேயே இருந்துவிடுகிறேன் என்று சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னடி குற்றம் செய்தாய் நீ? கல்யாணம் செய்துகொண்டாய், அவ்வளவுதான். மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுப்பார்கள். மரக்க ஊசி போட்டுச் செய்வது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கருப்பை அப்படியே இருக்கும். பிள்ளையும் பெறலாம், மாசமாக இருக்கும்போது கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். விட்டுவைத்தால் எல்லாருக்கும் புற்றாகாது என்பதும் உண்மை. யாருக்கு ஆகும் என்று சொல்லும் படிப்பு மட்டும் எனக்குத் தெரியாது.

ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். மூன்று என்றுதான் எழுதினேன். உனக்காகக்கூட அதை மாற்ற என் கை வரவில்லை, என்னைத் திட்டிக்கொள். ஆனால் பேனாவில் வராத பொய் என் வாயில் வரும், எத்தனை வேண்டுமானாலும். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, கூப்பிடுகிறாள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல். என்ன உடம்பு என்று கேட்பார். கருப்பை வாயில் கோளாறு, வெட்டப் போகிறார்கள் என்று சொல். எப்படி வந்தது என்று கேட்டால், அது அக்காவுக்குத்தான் தெரியும் என்று சொல். உன் ரிப்போர்ட்டைக் கேட்டால் அக்கா இன்னும் தரவில்லை என்று சொல்; அவர் நம்பாவிட்டாலும் வீட்டில் சொல்ல அவருக்கு ஒரு பதில் கிடைக்கும். அவர்கள் வீட்டில் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். எனக்குப் புருஷனும் இல்லை, மாமியாரும் இல்லை; பேசிப் பேசி அவர்கள் வாய்தான் வலிக்கும்.

அம்மாவிடம் நீ சும்மா வருகிறாய் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன் தலையணையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். இங்கே டாக்டரிடம் நாள் கேட்டு வைத்துவிட்டேன்.

இல்லாத நோயை வாயால் சொல்லக் கூடாது, பலித்துவிடும் என்று அம்மா நம் இரண்டு பேரையும் அடித்து வளர்த்தாள். பரவாயில்லை, சொல். பலித்தால் எனக்கே பலிக்கட்டும். நீ மட்டும் நூறு வயது இரு, ரயில் ஏறி வா.

உன் அக்கா