பின்வேலி வரை நடக்காதவன்

காரியாபட்டி,
9-8-1964

அன்புத் தங்கச்சி முருகம்மாளுக்கு அண்ணன் நல்லசிவம் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை சோலைச்சாமியும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் இங்கே இருக்கிறேன்.

போன வருஷம் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. விலாசம் தப்பாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் சாத்தூர் ஸ்டேஷனில் நம் ஊர் ராக்காயியைப் பார்த்தேன். கோயம்புத்தூரில் உங்கள் லைன் வீட்டுக்கு நாலாவது வீட்டில்தான் அவள் மகன் குடியிருக்கிறானாம். விலாசம் சரிதான் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

மாப்பிள்ளைக்கு மில் வேலை ஒத்துக்கொண்டதா? பஞ்சுத் தூசியில் இருமுகிறார் என்று அவள் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. திறந்த வெளியில் ஏர் பிடித்த மனிதர்.

முருகம்மா, நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

பஞ்சாயத்து யூனியனில் சானிடரி இன்ஸ்பெக்டர் என்றால் அம்மை குத்துவதும் சந்தையைக் கூட்டச் சொல்வதும்தான் என்று நீ நினைத்திருப்பாய். தீப்பெட்டிக் கம்பெனிகளைப் போய்ப் பார்த்து, அவர்களுடைய கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று எழுதிக்கொடுப்பதும் என் வேலைதான். அந்தக் காகிதத்தை நம்பித்தான் கவுன்சில் லைசென்ஸ் கொடுக்கும்.

அறுபத்திரண்டு சித்திரையில் உங்கள் புஞ்சைக்கு மேற்கே இருக்கிற கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் பலவேசம் மோர் கொடுத்தார். தீக்குச்சி மருந்து கலக்குகிற சட்டியும் பொட்டாஸ் பீப்பாயும் கழுவுகிற தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்று கேட்டேன். பின்வேலியோரம் சிமெண்டுத் தொட்டி கட்டியாச்சு, வாங்க காட்டுறேன் என்று எழுந்தார். முந்நூறு அடி இருக்கும். நல்ல வெயில். முன்வாசலில் தொட்டி கட்டியதில் மிஞ்சினது போலச் செங்கல் கொஞ்சம் கிடந்தது. அதைப் பார்த்ததே போதும் என்று, உட்கார்ந்த இடத்திலேயே ‘தொட்டி உண்டு, குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என்னை யாரும் விலைக்கு வாங்கவில்லை, தங்கச்சி. நடக்கச் சோம்பல். அவ்வளவுதான்.

புரட்டாசியில் நீ என் வீட்டுக்கு வந்து, கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் மிளகாய்ச் செடி வெளுத்துச் சாகிறது, ஓடையில் தண்ணீர் குடித்த காளை இரண்டும் ஒரே நாளில் விழுந்துவிட்டன என்று அழுதாய். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் செடிக்குப் பூச்சியாக இருக்கும், மாட்டுக்கு ஏதாவது சீக்காக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். நான் எழுதிய காகிதம் என் கண்முன்னால் நின்றது.

ஐப்பசியில் நீ முறையிட வந்த கவுன்சில் கூட்டத்தை மறந்திருக்க மாட்டாய். சேர்மன் என் ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு, இதை எழுதினது உங்க அண்ணன்தானம்மா, இருநூறு பொம்பளைக பிழைக்கிற இடம், சும்மா குறை சொல்லலாமா என்றார். நீ கிணற்றுத் தண்ணீர்ச் செம்பை என் மேசையில் வைத்தாய். “அண்ணே, குறை இல்லைன்னு எழுதியிருக்கீகளே, எல்லாரும் பாக்க ஒரு வாய் குடிங்க” என்றாய்.

நான் செம்பைத் தொடவில்லை. எல்லோருமாக ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நீ வெளியே போய்விட்டாய்.

உனக்குத் தெரியாதது இதுதான். அன்று சாயங்காலமே பின்வேலிக்கு நடந்து போனேன். தொட்டி இல்லை. வெறும் மண் வாய்க்கால் ஓடையைப் பார்க்க இறங்குகிறது. கரையில் ஒரு புல் இல்லை. அதைப் பார்த்த பிறகும் வேலைக்குப் பயந்து மூன்று மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தை மாசம் நீங்கள் புஞ்சையைப் பங்காளி பெத்தணனிடம் விட்டுவிட்டு ரயில் ஏறினீர்கள். நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஆபீசில் வேலை என்று சொல்லியனுப்பினேன். ஒரு வேலையும் இல்லை.

நீங்கள் போன மறுநாள் உங்கள் கிணற்றில் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு மெட்ராசுக்கு அனுப்பினேன். மனிதருக்கும் மாட்டுக்கும் பயிருக்கும் ஆகாது என்று பங்குனியில் பதில் வந்தது. சித்திரைக் கூட்டத்தில் எழுந்து நின்று அதை வாசித்தேன். நான் முன்னே எழுதியது பொய், அந்த இடத்தைப் பார்க்காமலே எழுதினேன், என் தங்கச்சி சொன்னதுதான் நிஜம் என்று சொன்னேன். சேர்மன், இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே என்றார்.

தொட்டி கட்டி முடிக்கிறவரை மூன்று வாரம் கம்பெனியை மூடினார்கள். கூலி இல்லாத பொம்பளைகள் என் வாசலில் நின்று மண் வாரித் தூற்றினார்கள். என்னை இங்கே மாற்றிவிட்டார்கள். அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. இப்போது எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் பின்பக்கம்தான் போகிறேன். அது உனக்கு என்ன பிரயோசனம்?

பெத்தணன் இந்த வருஷம் கீழ்ப்பாதியில் கம்பு விதைத்தான். முளைத்திருக்கிறது. கிணற்றை ஒட்டின மேல்பாதி இன்னும் வெறுந்தரைதான்.

இன்னொன்று கேள்விப்பட்டேன். உன் மகள் சண்முகத்தாய் பங்குனியில் பெரிய மனுஷி ஆகிவிட்டாளாம், சடங்கும் முடிந்ததாம். தாய்மாமன் இடத்தில் யாரை நிறுத்தினீர்கள் என்று ராக்காயியிடம் கேட்க வாய் வரவில்லை. யார் நின்றாலும் அவர் நன்றாக இருக்கட்டும். பிள்ளைக்கு அரக்குக் கலரில் ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மனசில்லை. நேரில் கொண்டுவர எனக்கு முகமில்லை.

நீ அஞ்சாவது வரை படித்தவள். ஒரு கார்டு போடு. வா என்று எழுத வேண்டாம். வராதே என்று எழுதினாலும் சரி, அதை மாப்பிள்ளையை விட்டு எழுதச் சொல்லாதே. உன் கையால் எழுது.

சண்முகத்தாய் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் வாழ வேண்டும்.

உன் அண்ணன்,
நல்லசிவம்