நான் கொடுக்காமல் வைத்திருந்த துணி

என் அருமை மருமகளே, லாஸ்பேட்டை கண்ட ஒரே கொரிய மகாராணியே, மலர்விழி,

யாரும் நம்பமாட்டாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒருத்தரும் நம்பமாட்டார்கள். சொல்வது உன் தாய்மாமன் என்பதால் அவர்களுக்கு அது இன்னும் சுலபம். உன் மாணவர்கள் நடத்தும் கையெழுத்து இதழில் இது வரப்போகிறது. நீ படிக்கும்போது தோளுக்குப் பின்னாலிருந்து நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பொறுத்துக்கொள்.

முதல் செய்தி: நீ ஆரம்பித்துவைத்த ஒட்டுத்துணி முடிந்துவிட்டது. அதை அலசி உங்கள் மொட்டைமாடியில் விரித்துப் போட்டோம். விமானமே வராத நம் விமான நிலையத்துக்கு அன்றைக்கென்று ஒரு விமானம் வந்தது. மேலேயிருந்து பார்த்த விமானி, ஓடுபாதை இதுதான் என்று உங்கள் மாடியிலேயே இறக்கிவிட்டான். உன் அம்மா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் கொரிய ஜனாதிபதி போன் செய்தார். நானே எடுத்து, நான் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் நீ, "மாமா, வாய்க்கு ஒரு பூட்டு வாங்கி வச்சிருக்கேன்" என்பாய். ஐந்து மாதமாக அதைச் சொல்ல ஆளில்லை. தடுப்பதற்கு ஆளில்லாமல் பொய் சொல்வது எவ்வளவு களைப்பான வேலை தெரியுமா?

உன்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அக்கா மகள் மலர்விழி, சென்னைப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனி அலுவலகத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். அங்கே அந்த மொழியைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, வீட்டு மாடியில் மாலை வகுப்பு தொடங்கினாள். டிப்ளமா முடித்துவிட்டு அந்த மாதிரிக் கம்பெனிகளில் வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் இருபத்து நாலு பேர். பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வாள் என்று எதிர்பார்த்தவர்கள் கையில் ஊசியும் நூலும் கொடுத்தாள்.

கொரியாவில் மிச்சத் துணிகளை ஒட்டித் தைத்துப் பெரிய துணியாக்கும் வழக்கம் உண்டாம். ஆளுக்கு ஒரு துண்டு. அதில் ஒரு கொரியச் சொல், அதன் பொருளுக்கு ஒரு படம், எல்லாம் நூலால். நான் வேலை பார்க்கும் துணி மில்லில் கழித்துப்போட்ட துண்டுகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து போட்டேன். சும்மா போடவில்லை, வாயோடுதான்.

"ஏன் மருமவளே, இதுங்கள கார் கம்பெனிக்கு அனுப்புறியா, ஜாக்கெட் தெக்க அனுப்புறியா?"

"நீ மூட்டய எறக்கிட்டுக் கெளம்பு மாமா. ஒன்ன வகுப்புல சேக்கல."

உன் வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம். யாரும் தன் துண்டைத் தானே முடிக்கக் கூடாது. பாதி தைத்ததும் இரண்டு கையாலும் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர்தான் முடிக்க வேண்டும். மீனவர் ஊரான வீராம்பட்டினத்துத் தனலட்சுமி அன்றைக்குப் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? அவள் பாதி தைத்த மீனுக்குப் பக்கத்துப் பையன் வால் வைக்கிறேன் என்று துடைப்பத்தை வைத்துவிட்டான்.

"மிஸ், என் மீன நாசம் பண்ணிட்டான் மிஸ்! நானே பிரிச்சித் தெச்சிக்கிறேன்."

"ஒன் மீன் எங்கடி இருக்குது? குடுத்தப்பவே அது நம்ம மீன் ஆயிடுச்சி. கொரியாக்காரங்க கம்பெனியில போயி இத கத்துக்கலாம்னு இருக்காத. இங்கியே கத்துக்க."

அவள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் உன் துண்டுக்குப் படம் சொன்னவளும் அவளே. உன் சொல் 'ஹம்க்கே'. சேர்ந்து என்று அர்த்தம். "கடல்ல போட்ட கரவலய இழுக்கறத தெய்ங்க மிஸ். எங்க ஊர்ல அதுக்குத்தான் எல்லாரும் ஒரே கயித்தப் புடிப்பாங்க" என்றாள். நீ கயிற்றைத் தைத்தாய், அதைப் பிடித்து இழுக்கும் ஏழு பேரைத் தைத்தாய். எழுத்துக்கு வரும்போது காய்ச்சல் வந்துவிட்டது.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உன் அம்மாவிடம்கூட.

ஆஸ்பத்திரியில், கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதும் அந்தத் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாய். ஒரு மதியம் அதை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாய். "இத கிளாஸ்ல குடுத்துடு மாமா. மறந்துடாத." நான் மறக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

முதல் எழுத்து முழுதாக இருந்தது. இரண்டாவதில் பாதி. தைக்க மீதி, நெட்டாக இரண்டு கோடும் பக்கத்தில் ஒரு குட்டிக் கோடும். தைத்த இடத்தில் ஊசி குத்தியபடியே இருந்தது, நூலோடு. உன் கை கடைசியாக நின்ற இடம் அது. வேறொரு கை அதற்கு மேல் ஒரு தையல் போட்டால் நீ நிஜமாகவே போய்விடுவாய் என்று என் மண்டைக்குள் ஒரு முட்டாள் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தான். துண்டைப் பீரோவில் என் கல்யாண வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

காரியம் முடிந்த மறுவாரம் தனலட்சுமி வந்தாள். காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். அடுத்த மாதமும் வந்தாள். நம் தெரு சொல்தா பெரியவர், அதுதான் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், மகனைப் பார்க்க பாரிஸ் போனபோது அவர் மூட்டையோடு கலந்து போய்விட்டது என்றேன்.

"சரி மாமா. பாரிஸ்லேர்ந்து வரட்டும்."

"எதுக்கும்மா காத்துக்கினு? வேற துண்டு வச்சி அடச்சிடுங்க."

"அது மிஸ் எடம் மாமா. நாங்க எப்பிடி அடக்கிறது?"

மார்கழியில் பக்கத்துக் கல்லூரி மண்டபத்தில் துணியைத் தொங்கவிட்டார்கள். இருபத்து நாலு துண்டு, நடுவில் ஒரு சதுர ஓட்டை. ஊரே வந்து பார்த்தது. பெற்றவர்கள் சொல்லைப் படிக்கத் தெரியாமல் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரு குழந்தை அந்த ஓட்டையில் முகத்தை விட்டு, அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தது. உன் அம்மா பக்கத்திலேயே நின்றாள். "எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தா, அவளோடது மட்டும் இல்ல பாரு" என்றாள். அவள் அழவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. உன்னைக் காப்பாற்றி வைத்திருப்பதாக நினைத்தேன், மருமகளே. உன்னை மட்டும் அந்தத் துணியிலிருந்து வெளியே நிறுத்தியிருந்தது நான்தான்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தேன். தனலட்சுமியைத் தனியே கூப்பிட்டு நீட்டினேன்.

"பாரிஸ்லேர்ந்து வந்துடுச்சா மாமா?"

"பீரோவுலேர்ந்து வந்துச்சிம்மா. ஆரம்பத்துலேர்ந்து அங்கதான் இருந்துச்சி."

"தெரியும் மாமா."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மிஸ் யார் கையில குடுத்தாங்க?"

"எங்கிட்ட."

"அப்ப நீங்கதான் முடிக்கணும்."

"யம்மா, நான் அறுந்த நூல முடிச்சுப் போடத் தெரிஞ்சவன். எழுத்துத் தெக்கத் தெரியாது. மலரு தெச்சது கெட்டுடும்."

"கெடட்டும். என் மீன் கெடலயா?"

அந்த இடத்திலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் தைத்தேன். கைதட்டல் வீராம்பட்டினம் வரைக்கும் கேட்டுக் கட்டுமரக்காரர்கள் இடி என்று கரைக்குத் திரும்பிவிட்டார்கள். இப்படித்தான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்: மூன்று கோட்டுக்கு மூன்று மாலை ஆயிற்று. இரண்டாவது கோடு குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிறது. பிரித்துத் தைக்கட்டுமா என்று கேட்டேன். இருபத்து நாலு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். நூல் கொஞ்சம் மிஞ்சியது. அதை நான் வெட்டவில்லை. தனலட்சுமி வெட்டினாள்.

துண்டை வைத்துத் தைத்த பிறகு உன் அம்மா வந்து தடவிப் பார்த்தாள். எது வரைக்கும் நீ, எதிலிருந்து நான் என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்திலேயே வெகுநேரம் கையை வைத்திருந்தாள். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கோபித்திருப்பாயா?

வகுப்பை இப்போது தனலட்சுமி நடத்துகிறாள். புதிய துணி ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் எனக்கும் ஓர் இடம், ஒரு துண்டு, ஒரு சொல். வாக்குக் கொடுக்கிறேன் மலர்: பாதி தைத்ததும் அதைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுவேன். எப்படிக் கெடுத்தாலும் திருப்பிக் கேட்கமாட்டேன்.

மற்றபடி விமானம் பொய். ஜனாதிபதி பொய். காக்கா, பாரிஸ், கைதட்டல் எல்லாம் பொய். ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. நீ குத்தி நிறுத்திய இடத்திலிருந்து அந்த ஊசியை இழுத்து, அடுத்த தையலை நான் போட்டேன்.

உன்னை மடியில் வைத்துக் காது குத்திய,
உன் தாய்மாமன்