பி.டி. மாஸ்டரின் முதுகு

மாதா துணை

திருப்பரங்குன்றம்,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள ஆனிமேரிக்கு,

நானும் ஆன்சியும் நலம். மஸ்கட்டில் நீ நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இம்புட்டு நேரம் தூங்கலாமா என்று நீ வந்துதான் உன் மகளிடம் கேட்க வேண்டும். உன் வார்டு நர்ஸ் ஜெஸி லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறாள். அவள் பெட்டியில் உனக்கு மாவடு, சுண்டைக்காய் வற்றல், இந்தக் கடிதம், மூன்றும் வரும். தினமும் போனில் பேசிக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என் முதுகைப் பற்றி நான் பேச்சை எடுத்தாலே நீ அழுகிறாய், இல்லையென்றால் நர்ஸாகி மாத்திரையின் பெயரைக் கேட்கிறாய். நான் சொல்ல வந்தது நடுவில் நின்றுபோகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. ஃபிரிட்ஜ் மேல் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

முதலில் நீ வியாழக்கிழமை சொன்னதற்கு வருகிறேன். மாதக் கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவதாகச் சொன்னாய். நானும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட வேண்டுமாம். பிறகு இரண்டு பேரும் வீட்டில் இருந்துகொண்டு என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். ஆனி, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடிக்கிறவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. படித்து முடித்த பிறகும் போடாதே.

என் நோயின் பெயர் உனக்குச் சரளமாக வருகிறது. எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பில் வருகிற வாதம் என்று நான் சுருக்கி வைத்திருக்கிறேன். வாயு, உடம்புச்சூடு, பழைய கபடி அடி என்று எத்தனை பெயர் வைத்து நாம் இதை வளர்த்தோம்! காலையில் எழுந்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே பலகையாக இருக்கிறது. நடமாட ஆரம்பித்தால் மெல்ல இளகுகிறது. படுத்துக் கிடந்தால் இன்னும் கூடுகிறது. ஆடி ஓடினால் குறைகிற நோய் பி.டி. மாஸ்டருக்கு வந்திருக்கிறதே, ஆண்டவருக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்தும் ஊசியும் டாக்டர் பொறுப்பு. வேலையில் நீடிக்க வேண்டுமென்றால் பிசியோதெரபி கட்டாயம் என்று சொல்லி, அவர் என்னை சிம்மக்கல்லில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்றவள் யார் தெரியுமா? பாண்டிமீனா! நம் பள்ளியில் படித்தவள். பி.டி. பீரியட் வந்தால் தலைவலி, வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளை இப்போது என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னது. இன்றைக்குத் தலைவலியாக இருக்கிறது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் நான் சொல்லிப் பார்த்ததுதான் சார், படுங்க" என்றாள்.

அவள் சொன்னபடி மட்டும் செய்திருந்தால் நான் பி.டி. மாஸ்டரே இல்லை. பத்துத் தடவை என்றால் எனக்கு அது சோம்பேறிக் கணக்காகப் பட்டது. மொட்டை மாடியில் விசிலை ஊதிக்கொண்டு, எனக்கு நானே கமாண்ட் கொடுத்துக்கொண்டு ஐம்பது செய்தேன். அதோடு என் பங்குக்குக் குனிந்து கால்விரலைத் தொடுவதையும் சேர்த்துக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஆன்சிதான் ஷூ லேஸ் கட்டிவிட்டாள். போனில் உனக்குக் கேட்டது அந்த முனகல்தான், சளி என்று நான் சொன்னது பொய். பாண்டிமீனாவுக்கு வந்ததே கோபம். "நீங்க என்ன சோனல் மீட் போட்டிக்கா ஆள் எடுக்குறீங்க? மறுநாள் வலி கூடுச்சுன்னா மொத நாளு கூடப் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம் சார். கொஞ்சமாப் பண்ணுங்க, தெனமும் பண்ணுங்க" என்றாள். உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்சமாகச் செய்வது மாதிரிக் கஷ்டமான பயிற்சி எனக்கு வேறில்லை. ஆனால் இப்போது செய்கிறேன். காலையில் வெந்நீரில் குளித்துவிட்டு முதுகையும் இடுப்பையும் மெதுவாக வளைக்கிறேன், குப்புறப் படுத்து எழுகிறேன். பிறகு மூச்சுப் பயிற்சி.

மூச்சுப் பயிற்சி எதற்கு என்றால், அவள் என் நெஞ்சை டேப் வைத்து அளந்து பார்த்தாள். எவ்வளவு இழுத்தும் நெஞ்சு விரியவில்லை. விலா மூட்டுகளும் இறுகிப்போயிருக்கின்றனவாம். நானோ விசில் சத்தம் குறைகிறதே என்று இரண்டு விசிலை மாற்றிவிட்டு, கடைக்காரரையும் திட்டிவிட்டு வந்திருந்தேன்.

போன மாதம் அவளே ஒரு நாள் பள்ளிக்கு வந்து, பழைய மாணவி என்ற உரிமையில் மைதானத்து ஓரமாக நின்று என் வேலையைக் கவனித்தாள். மைதானத்தில் கோடு போடக் குனிய வேண்டாம், சுண்ணாம்பு டப்பாவை ஒரு நீளக் கம்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். கழுத்து திரும்பாததால் ஸ்கூட்டருக்குப் பெரிய கண்ணாடியாக இரண்டு பக்கமும் மாட்டச் சொன்னாள். எல்லாவற்றையும்விடக் கெடுதல் பிரேயர் நேரம்தானாம். மேடையில் ஆடாமல் அசையாமல் நான் நிற்கிற அந்த நிற்பை ஊரே மெச்சும், உனக்குத் தெரியும். அசைகிற பிள்ளையை வெயிலில் நிறுத்துகிற ஆள் நான். இனிமேல் காலை மாற்றி மாற்றி நில்லுங்கள், தோளை உருட்டுங்கள், முடிந்தால் நடங்கள் என்றாள். எனக்கு மனமில்லை. ஆனாலும் செய்தேன்.

அதில்தான் வினை வந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற ஒருவர் இதைப் பார்த்திருக்கிறார். காலையில் ஸ்கூட்டரை விட்டு இறங்கி நான் விறைப்பாக நடந்ததையும், பிரேயரில் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆடியதையும் சேர்த்து வைத்து, பி.டி. சார் குடித்துவிட்டு வருகிறார் என்று தாளாளர் ஃபாதருக்கு எழுதிப் போட்டுவிட்டார். சிரிக்காதே. கிறிஸ்துமஸ் கேக்கில் ரம் வாசனை வந்தாலே ஒதுக்கி வைக்கிறவன் நான்!

திங்கட்கிழமை ஃபாதர் முன்னால் நான் நிற்க வேண்டும். பள்ளியில் யாருக்கும் என் நோயைப் பற்றி நான் சொன்னதில்லை, ஹெட்மாஸ்டர் சத்தியசீலன் சாருக்குக்கூட. வாயை மூடிக்கொண்டிருந்தால் குடிகாரன். வாயைத் திறந்தால் நோயாளி, மைதானத்துக்கு லாயக்கில்லை என்று நூலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த இடம் காலியாக வேறு இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனி. விசிலைக் கழற்றி வைத்த பிறகு நான் யார் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் சொல்லிவிடப் போகிறேன். பாண்டிமீனாவிடம் சொன்னேன், "நானும் வாரேன் சார்" என்றாள்.

திங்கட்கிழமை மாலை.

போய் வந்துவிட்டேன். இன்று போனில் என்ன விசேஷம் என்று நீ கேட்டபோது பிறகு சொல்கிறேன் என்றது இதற்காகத்தான்.

ஃபாதர் நல்ல மனிதர். டாக்டர் சான்றிதழைப் படித்துவிட்டு எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். சந்தேகப்பட்டதற்கு மன்னிக்கச் சொன்னார். பிறகு நான் பயந்தபடியே, இவ்வளவு வேதனையில் எதற்கு வெயிலில் நிற்க வேண்டும், ரிட்டையர் ஆகிறவரை நூலகத்தில் நிம்மதியாக இருங்கள் என்றார். அன்பாகத்தான் சொன்னார். "ஃபாதர், என்னைய உக்கார வச்சீங்கன்னா நான் அப்படியே இறுகிப் போயிருவேன்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

பாண்டிமீனா என் டைம்டேபிளை மேசைமேல் விரித்து வைத்தாள். முழுநேரமும் நாற்காலியில் இருந்தால் இவர் நிலைமை மோசமாகும், நடமாட்டமுள்ள வேலைதான் இவருக்கு நல்லது என்று விளக்கினாள். நோய் போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. கூடும், குறையும், கூடுகிற வாரத்தில் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். முதல் பீரியடை மட்டும் பிற்பகலுக்கு மாற்றிக் கொடுங்கள், குனிந்து செய்து காட்ட வேண்டியதை மாணவர் தலைவனைச் செய்து காட்ட வையுங்கள் என்று கேட்டாள். சத்தியசீலன் சாருக்குக் கவலை தீரவில்லை. "குனிய முடியாத பி.டி. வாத்தியார்னு இன்ஸ்பெக்ஷன்ல கேட்டா நான் என்ன ஸ்டீபன் சொல்றது?" என்றார். அதுவரை கை கட்டி நின்ற எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "கணக்கு வாத்தியார் கண்ணாடி போட்டுத்தான சார் போர்டைப் பாக்குறாரு? அவரைக் கணக்கு எடுக்க வேணாம்னா சொல்றோம்?" என்று கேட்டுவிட்டேன். கணக்கு வாத்தியார் சத்தியசீலன் சாரேதான். ஃபாதர் சிரித்துவிட்டார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி பார்ப்போம் என்றார்.

இந்தக் கல்வியாண்டு முடியும்வரை மைதானம் எனக்கு. ஜூனில் மறுபடி பேசுவார்கள். ஃபாதர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வதந்தி பிள்ளைகள்வரை போய்விட்டது, அதனால் பிரேயரில் என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை.

சொல்லிவிட்டேன். மைக்கைப் பிடித்தேன். எனக்கு முதுகெலும்பில் வாதம், காலையில் விறைப்பாக இருக்கும், அதனால்தான் அப்படி நடக்கிறேன், இனிமேல் பிரேயரில் ஒரே இடத்தில் நிற்காமல் வரிசைகளுக்கு நடுவே நடப்பேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு வாண்டு மட்டும் கையைத் தூக்கி, "அப்ப நாங்களும் அசையலாமா சார்?" என்று கேட்டது. கூடாது என்றேன். சத்தம் பழைய மாதிரி வந்தது. அதன் பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

வலி இன்றைக்கும் இருக்கிறது. ஜூனில் என்ன சொல்வார்களோ தெரியாது. நாளைக் காலையிலும் பலகையாகத்தான் எழுந்திருப்பேன். ஆனாலும் வேலைக்குப் போவேன். இதை நீ கெஞ்சலாக எடுத்தாலும் சரி, பிடிவாதமாக எடுத்தாலும் சரி.

ஃபாதர் எனக்கு நூலகத்தைக் கொடுக்க வந்ததும் அன்பில்தான், நீ ராஜினாமா எழுதப் போவதும் அன்பில்தான். நீ வேலையை உதறிவிட்டு வந்து நின்றால் நான் அன்றிலிருந்து முழுநேர நோயாளி, ஆனி. என் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டு நீ நிற்பாய். உனக்காக வலியை மறைக்கிறதே எனக்கு வேலையாகிவிடும். நீ அந்த வார்டுக்குப் பொறுப்பாளராக வருவதற்கு எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். என் முதுகுக்காக அதை விட்டுவிட்டு வராதே.

ஏப்ரலில் உன் லீவு இருக்கிறதே, அதற்கு வா. ஆனால் நர்ஸை அங்கேயே விட்டுவிட்டு வா. என்னைக் கவனிக்க இங்கே டாக்டர் இருக்கிறார், அதட்ட பாண்டிமீனா இருக்கிறாள். பெண்டாட்டிதான் இல்லை. மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கத்தான் ஆளில்லை. அதைக் கேட்க நீ வா.

வார்டு வார்டாக நடக்கிற உன் கால்களை ஆண்டவர் நோகாமல் காக்கட்டும். உன் பேனா அந்த ராஜினாமாத் தாளின் பக்கம் போகாமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

உன்,
ஸ்டீபன்.