உத்தரணியில் போர்பன்

ஞாயிறு இரவு, மாட்டுங்கா

எழுத வேண்டியவை: 1. மைத்துனன் வைத்தி செய்த அக்கிரமம். 2. என் கோழைத்தனம். 3. அவனுக்கு ருசி அறியும் நாக்கே கிடையாது.

மகன் போன மாதம் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த போர்பன் அது. மக்காச்சோளத்தில் காய்ச்சி, உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறிய விஸ்கி. முகர்ந்துவிட்டுத் துளித்துளியாகப் பருக வேண்டும் என்று வைத்தியிடம் சொன்னேன்.

"அரே அத்திம்பேர், தீர்த்தமா இது? சொட்டுச் சொட்டா விட உத்தரணி கொண்டு வரட்டா?" என்று சிரித்தவன், மிச்சமிருந்ததையெல்லாம் தம்ளர் நிறைய ஊற்றிக் கோலாவில் மூழ்கடித்தான். படுகொலை! நான் "பேஷ்" என்றேன். வேறென்ன சொல்லத் தெரியும் எனக்கு?

கிளம்பும்போது வெறும் பாட்டிலை முகர்ந்தான். "அட, வெல்லப்பாகு காயற வாசனை! கோலா விடாதேன்னு ஒரு அதட்டல் போடப்படாதோ?"

ஒரு மாதமாக எனக்குப் பெயர் பிடிபடாத வாசனை அதுதான். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.