தோற்பதற்கென்றே வந்தவர்

2006 நவம்பர் 11, சனி. ஹம்பேர்க்.

மத்தியானச் சாப்பாட்டில் கணவரின் தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நாளை நகரின் தெற்கே ஹார்பேர்க்கில் ஒரு சிறிய மண்டபத்தில் நடக்கும் மல்யுத்தக் காட்சிக்குப் போகப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

“அண்ணி, அது முழுக்க நடிப்பு. ஆர் வெல்லுறதெண்டு முதலே பேசி வைச்சிருப்பாங்கள்.”

“ஓம், தெரியும். தோக்கப்போறன் எண்டு தெரிஞ்சும் ஒரு மனுசன் கிழமைக்குக் கிழமை வந்து விழுந்தவர். அவரைப் பாக்கத்தான் போறன்.”

ஜேர்மனிக்கு வந்த புதிதில், அகதி முகாமில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பொது மண்டபத் தொலைக்காட்சியில் அவரைப் பார்ப்பேன். பெரிய வீரர்கள் அவரைத் தூக்கி எறிவார்கள். முதுகு மேடையில் அடிபடும் சத்தம் நடிப்பில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். அடுத்த கிழமை மறுபடி வருவார். என் அகதி விண்ணப்பத்தை இரண்டு தரம் நிராகரித்தார்கள். இரண்டு தரமும் அவர் எழும்பியதைப் பார்த்த தெம்பில்தான் வக்கீலிடம் போனேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நாளை அவருடைய கடைசிச் சண்டை.

தம்பி போன பிறகு கணவர் தொடங்கினார். “பொம்பிளை தனிய அங்க போனால் சனம் என்ன கதைக்கும்? நாளைக்குச் சேர்ச்சில தமிழ்ப் பூசையும் இருக்கு.”

“பூசை அடுத்த மாதமும் இருக்கும். நான் போறன்.”

கணவர் மேசையிலிருந்த சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்தார். பிறகு, “எத்தினை மணிக்கு வெளிக்கிடுறீர்?” என்றார்.

“மூண்டுக்கு.”

வாறீங்களோ என்று நான் கேட்கவில்லை. வந்தால் பக்கத்தில் இருக்கட்டும். நாளையும் அந்த மனுசர் தோற்பார். நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.