மலர்விழிக்கு வைக்காத சோறு

என் பிடிவாதக்காரி மலர்விழிக்கு,

நீ வேலை பார்த்த ஜாம்பியா காட்டுக்கு வந்துவிட்டேன் அம்மா. ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படித்த என் மகள் ஆப்பிரிக்காவில் யானைக்கு ஊசி போடுகிறாள் என்று பேராவூரணி முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தவன், நீ இல்லாத காட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இங்கே கூட்டமே இல்லை. காலையிலிருந்து எங்கள் ஜீப் ஒன்றுதான். உனக்கு வண்டி ஓட்டிய ஜோசப்தான் எனக்கும் ஓட்டினார். யானைக் கூட்டத்தில் ஒரு குட்டியைக் காட்டி, "டாக்டர் மலர்" என்று சொல்லி, காலில் கட்டுப் போடுவதுபோல் கையால் காட்டினார். அது நன்றாக நடக்கிறது. உனக்கு வந்த காய்ச்சல் மட்டும் ஏன் சரியாகவில்லை?

இன்று நீ போய் ஒரு வருடம். விடுதிச் சமையல்கட்டில் நானே சோறு வடித்து, உருளைக்கிழங்கு வறுத்து, டிபன் பாக்ஸில் எடுத்துப் போயிருந்தேன். "அவ இருந்த எடத்துலயே காக்காவுக்கு வச்சிருங்க. அது எடுத்ததும் போன் பண்ணுங்க. அப்பறந்தான் நான் சாப்பிடுவேன்" என்று உன் அம்மா சொல்லியிருந்தாள்.

மதியம் ஜீப்பின் முன்பக்கம் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. இந்த ஊர்க் காக்கைக்கு மார்பு வெள்ளை, பனியன் போட்டதுபோல. சோற்றை உருட்டிக் கையை வெளியே நீட்டினேன். ஜோசப் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நோ ஃபீடிங் சார். டாக்டர் ரூல்." 

உன் சட்டமா? ஊரில் உன் அம்மா பட்டினி, கையில் உன் சோறு, எதிரே காக்கை. நான் என்னடி செய்வேன்? கையை உள்ளே இழுத்து டிபன் பாக்ஸை மூடினேன். காக்கை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. வெட்கமில்லாமல் அழுதேன்.

காட்டின் வாசலுக்கு வந்துதான் சிக்னல் கிடைத்தது.

"காக்கா எடுத்துச்சாங்க?"

"வைக்கலடி. இங்க எதுக்கும் சோறு போடக்கூடாதுன்னு உன் மகதான் சட்டம் போட்டிருக்கா."

 உன் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சோறு வீணாப்போனா அவளுக்குப் பிடிக்காது. நீங்க சாப்பிடுங்க. நானும் சாப்பிடுறேன்" என்றாள்.

ஜோசப்புக்குப் பாதி கொடுத்து, மீதியைச் சாப்பிட்டேன். உன் சோற்றை நானே தின்றபோதுதான், நீ இனி வரமாட்டாய் என்பது எனக்கு உறைத்தது.

எந்தக் காட்டிலும் உன் பேச்சை மீறமாட்டேன், இது சத்தியம். ஆனால் ஊருக்குப் போனதும் நம் கொல்லையில் இலை போடுவேன். அங்கே சட்டம் பேசாமல், வந்து சாப்பிட்டுப் போ.

உன் சொல்லைத் தட்டாத
அப்பா